செவ்வாயில் நிற்கும் பாபின்

இராஜபாளையம்,
டிசம்பர் 11, வியாழக்கிழமை.

அன்புள்ள எட்வின் அத்தான் அவர்களுக்கு,

பியூலா எழுதிக்கொள்வது. கர்த்தரின் கிருபையால் இங்கே எல்லோரும் உடம்பளவில் சுகம். மற்ற அளவுகளைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். மேலே உங்களுக்குக் குளிர் எப்படி இருக்கிறது? பேப்பரில் லடாக் என்ற எழுத்தைக் கண்டாலே அம்மா என்னை வாசிக்கச் சொல்கிறாள். “அத்தான்” என்று எழுதச் சொன்னதும் அவள்தான். நிச்சயம் முடிந்து ஆறு மாதம் ஆனாலும் நாம் தனியாகப் பேசிய நேரத்தைச் சேர்த்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் அளவுகூட வராது. கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

மலைமேல் போஸ்டுக்குப் போனபின் செல்போன் எடுக்காது, எப்போதாவது யூனிட் போனில் வீட்டுக்கு மட்டும் பேசுகிறீர்கள் என்று அத்தை சொன்னார்கள். அதனால்தான் கடிதம். ஹெலிகாப்டர் வந்தால்தான் தபாலும் வருமாமே. இது சீக்கிரம் வந்து சேரவேண்டும்.

விஷயம் இதுதான். உங்கள் அப்பாவும் என் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை. காரணம் செவ்வாய் கிரகம்.

சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவேண்டும். ஏப்ரலில் உங்கள் வீட்டிலிருந்து மாமாவும் அத்தையும் மட்டும் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார்களே, அன்று கூடத்தில் பேச்சே ஓடவில்லை. ஸ்பின்னிங் மில்லின் இரைச்சலில் வருஷக்கணக்காக நின்று அப்பாவுக்குக் காது மந்தம். மாமா மரியாதையாக மெதுவாகக் கேட்டதெல்லாம் அவருக்கு எட்டவில்லை. கேசரி ஆறிக்கொண்டிருந்தது. அப்போது மாமா தன் செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். செம்மண் நிறத்தில் வெறும் தரை. நடுவில் மேலே போகப்போகச் சிறுத்து நிற்கும் ஏதோ ஒன்று. “இது யூடியூப்ல வர்ற டுபாக்கூர் படம் இல்ல சம்மந்தி. செவ்வாய் கிரகம். மிலிட்டரி வழியா வந்தது. வெளிய சொல்லப்படாது” என்றார். அப்பா கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, மில்லுக்குள் கத்துகிற அதே குரலில், “ஏ, இது பாபின்லா! நூல் சுத்துன பாபின்!” என்று கத்தினார்.

அதற்குப்பின் இரண்டு பேரும் இருட்டும்வரை பேசினார்கள். அத்தை மூன்றுமுறை பஸ்ஸை ஞாபகப்படுத்தினார்கள். போகும்போது மாமா, “பிள்ளையப் பத்தி என்ன விசாரிக்கக் கெடக்கு, நல்ல குடும்பம்” என்றாராம். என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நம் கல்யாணம் என் படிப்பாலோ உங்கள் உத்தியோகத்தாலோ அமையவில்லை, அத்தான். அந்தப் படத்தால் அமைந்தது.

ஆனால் மாமா முப்பது வருஷம் போலீஸில் இருந்தவர். எதையும் உடனே ஒத்துக்கொள்வது அவருக்குப் பழக்கமில்லை. வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு மறுநாளே போன் செய்தார். “சம்மந்தி, ஆளு இருந்தான்னா அடையாளம் இருக்கணும். ஒரு காலடி, ஒரு பீடித்துண்டு. ஒண்ணும் இல்லாம கேசு நிக்காது. அது கல்லுதான்.” அப்பா விடவில்லை. “பீடி குடிக்காத ஆளுன்னு வச்சுக்கோங்களேன். தானா கெடந்த கல்லு இப்படிச் சீரா சிறுத்து வருமா? லேத்துல கடைஞ்ச மாதிரில்லா இருக்கு.”

ஆகஸ்டுவரை இது வேடிக்கையாகத்தான் இருந்தது. தானாக ஒதுங்கிய கல் எதுவும் அந்த வடிவத்தில் இருக்காது என்று நிரூபிக்க அப்பா அய்யனார் கோவில் ஆற்றுக்குப் போய்க் கிடந்த கல்லையெல்லாம் படமெடுத்து மாமாவுக்கு அனுப்பினார். அதற்குப் பதிலாக மாமா பிளவக்கல் அணைப் பக்கம் போய், ஏறக்குறைய அதே வடிவத்தில் ஒரு கல்லைக் கண்டுபிடித்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அதை டிவி ஸ்டாண்டில் வைத்திருக்கிறாராம். கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லையா என்று அப்பா கேட்டார்.

நானும் சும்மா இருக்கவில்லை. அதுதான் என் மடத்தனம். செவ்வாயில் ஊர்ந்து படமெடுக்கும் வண்டிகள் அனுப்பும் படங்களையெல்லாம் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கம்பெனியிலிருந்து வந்ததும் உட்கார்ந்து தேடினேன். எத்தனையோ ஆயிரம் கற்கள். ஒன்று கரண்டி மாதிரி, ஒன்று கதவு மாதிரி, ஒன்று படுத்திருக்கும் நாய் மாதிரி. அது நம் ஊர் நாய் மாதிரியே இருந்தது. கண் தனக்குப் பழகியதைத்தான் எங்கேயும் தேடிப் பிடிக்கிறது என்று படித்திருக்கிறேன். மில்லில் காலம் கழித்தவருக்குப் பாபின், கேசு எழுதியவருக்குச் சாட்சி. அந்தப் படம் மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. அப்பாவிடம் சொன்னேன். “அதான் மறைச்சிருக்கான்” என்றார். மாமாவிடம் சொன்னேன். “மிலிட்டரிப் படம் எப்படிம்மா வெளிய கெடைக்கும்” என்றார். இந்த ஒன்றில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை. எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது.

விளையாட்டு வினையானது போன மாதம். திருவில்லிபுத்தூரில் உங்கள் சபையின் ஸ்தோத்திரப் பண்டிகை அசன விருந்துக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். பந்தியில் மாமாவும் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கறிக்குழம்பு வந்துகொண்டிருந்தபோது யாரோ, “என்ன ஏட்டய்யா, செவ்வாய்ல இருக்கவன் புடிபட்டானா?” என்று கிண்டல் செய்தார்கள். சபையார் முன்னால் மாமாவுக்கு மானம் போயிற்று. “நான் சொல்லல, இவிய சொல்றது” என்று அப்பாவைக் கைகாட்டினார். அப்பா, “போலீஸ்காரனுக்குக் களவு போன பொறவுதான எல்லாம் தெரியும்” என்றார். அதற்கு மாமா சொன்னது இதுதான்: “மில்லுல காது போச்சுன்னு தெரியும். கண்ணும் போச்சுன்னு சொல்லலையே.”

வாளியோடு நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவுக்கு அது முழுக்கக் கேட்டது, அன்றைக்கென்று கேட்டது. இலையை மடக்கிவிட்டு எழுந்து வந்துவிட்டார். அசனத்தில் இலையை மடக்கி எழுவது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இப்போது மாமா சொல்வது: சம்மந்தி மன்னிப்புக் கேட்டால்தான் சபையில் வாசிக்கக் கல்யாண ஓலை கொடுப்பேன். அப்பா சொல்வது: அது கல் என்று என் வாயால் வராது. மாப்பிள்ளை வீட்டு ஓலை வராமல் எங்கள் சபை ஐயர் இங்கே வாசிக்கமாட்டார். ஜனவரி முதல் ஞாயிறு தொடங்கினால்தான் மூன்று ஞாயிறும் ஓலை வாசித்து முடிந்து, உங்கள் லீவில், பிப்ரவரி முதல் வாரம் கல்யாணம். தவறினால் லெந்து நாட்கள் வந்துவிடும், கல்யாணம் வைக்கமாட்டார்கள். அதன்பின் உங்களுக்கு லீவு எப்போது என்று யாருக்குத் தெரியும்? இருபது கோடி மைல் தள்ளியோ எவ்வளவு தள்ளியோ கிடக்கும் ஒரு கல்லுக்காக நான் ஒரு வருஷம் காத்திருக்கவேண்டுமாம்.

என் விஷயத்தை நாலுபேர் பேசுவது எனக்கு ஆகாது. போன வாரம் பாட்டுக் குழுவில் ஒருத்தி, “ஏட்டி பியூலா, ஒங்க வீட்டுப் பாபின் கீழ எறங்கிருச்சா?” என்று கேட்டாள். கீர்த்தனைப் புத்தகத்தை மூடிவிட்டு வந்துவிட்டேன். அப்பாவின் பிள்ளைதானே.

நாளை மறுநாள் கம்பெனியில் அரைநாள் லீவு கேட்டிருக்கிறேன். வீட்டில் சொல்லாமல் திருவில்லிபுத்தூர் போய் மாமாவை நேரில் பார்க்கப்போகிறேன். வந்து மீதியை எழுதுகிறேன்.

ஞாயிறு.

போய்வந்தேன். நேற்று எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை.

மாமா வெளியே போயிருந்தார். டிவி ஸ்டாண்டில் அந்தக் கல் இருந்தது. கீழே ஒரு டர்க்கி டவல் மடித்துப் போட்டிருக்கிறார். அத்தை என்னைப் பார்த்ததும் பதறிப்போனார்கள். “தனியாவா வந்த? கல்யாணத்துக்கு முன்னாடி இப்படி வரலாமா” என்று ஏசிக்கொண்டே பால்கோவாவைக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தார்கள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்கள். போன வாரம் நீங்கள் போனில் பேசியபோது மாமா எல்லாவற்றையும் சொன்னாராம். “இந்த லீவுல வேண்டாம், கல்யாணத்தத் தள்ளி வப்போம்” என்றாராம். நீங்கள், “சரிப்பா, ஒங்க இஷ்டம்” என்றீர்களாம்.

அதைக் கேட்ட என் முகத்தைப் பார்த்து அத்தை பயந்துவிட்டார்கள். பேச்சை மாற்றத் தன் பழைய செல்போனை எடுத்துவந்து, “எட்வின் போட்டோ பாக்கியா? மேல போறதுக்கு முன்னாடி எம்புட்டோ அனுப்பியிருக்கான்” என்று கொடுத்தார்கள். நானும் எதையாவது பார்க்கவேண்டுமே என்று தள்ளிக்கொண்டு வந்தேன்.

அத்தான், அந்தப் படம் அதில் இருந்தது.

போன வருஷம் நீங்கள் அனுப்பியது. அதன் கீழே நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: “அம்மா, இப்ப செவ்வாய் கிரகத்துல ட்யூட்டி.” சிரிப்புப் பொம்மை ஒன்றும் போட்டிருக்கிறீர்கள். இது என்ன அத்தை என்று கேட்டேன். “செவ்வாய்னு அவன்தான போட்டிருக்கான். மிலிட்டரிக்காரங்களுக்கு அதெல்லாம் வரும்போலன்னு நெனச்சு ஒங்க மாமாவுக்கு அனுப்பினேன். கீழ கருப்பா ஏதோ கெடந்துச்சு, அசிங்கமா இருந்துச்சுன்னு வெட்டிட்டேன்” என்றார்கள்.

மாமாவின் மிலிட்டரி ரகசியம் இதுதான். சபையே சிரித்த செவ்வாய் இதுதான், லடாக் மண்.

வெட்டாத படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கைமாறிக் கைமாறி மங்கிப்போன படத்தில் தெரியாதது இதில் தெளிவாகத் தெரிந்தது. தட்டைக் கற்கள். கீழே பெரியது, மேலே சின்னது என்று ஒன்றன்மேல் ஒன்றாக யாரோ பொறுமையாக அடுக்கியிருக்கிறார்கள். கல் என்று மாமா சொன்னதும் சரி. தானாக நிற்கவில்லை, ஒருவன் கை பட்டது என்று அப்பா சொன்னதும் சரி. எட்டு மாதம், அத்தான்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கீழே, அத்தை வெட்டி எறிந்த இடத்தில், ஒரு ஆளின் நிழல் விழுந்திருந்தது. காதை மூடிய தொப்பி, பருத்த கோட்டு, போனைத் தூக்கிப் பிடித்த கைகள். பெற்ற தாய்க்கு அடையாளம் தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அத்தையிடமும் இப்போதைக்குச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நான் சொன்னால் மாமாவுக்கு அது இன்னொரு அசனப் பந்தி. மருமகளாக வரப்போகிறவள் வீடு புகுந்து துப்புத் துலக்கினாள் என்று ஆகிவிடும். அப்பாவோ படத்தை மாற்றிவிட்டார்கள் என்பார். நீங்கள் சொன்னால் அப்படி இல்லை. அங்கே நின்றவர் நீங்கள். “அது கல்லுதான்பா, அடுக்கினது ஆளுதான், பியூலா அப்பாகிட்டயும் சொல்லுங்க” என்று சிரித்துக்கொண்டே சொன்னால், இரண்டு பேரும் தான்தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு ஒரே பந்தியில் உட்காருவார்கள். எனக்கு அவர்களைத் தெரியும்.

ஆனால் அதற்காக மட்டும் இந்தக் கடிதத்தை நான் அனுப்பவில்லை.

“சரிப்பா, ஒங்க இஷ்டம்.” நேற்றிலிருந்து இதையே சுற்றிச் சுற்றி வருகிறேன். லைன் சரியாக இல்லாமல் அப்பா சொன்னதற்கெல்லாம் சரி போட்டீர்களா, இல்லை நினைத்துத்தான் சொன்னீர்களா? குளிரில் நின்று பேசுகிற மகன் அப்பாவோடு சண்டை பிடிக்கமாட்டான் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. எந்தப் படம் அப்பா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று இன்னொரு நேரம் தோன்றுகிறது. அப்பாக்களைத் திட்டிவிட்டு, நானும் அவர்களைப் போலவே எங்கோ தொலைவில் கிடக்கும் ஒன்றைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறதே தவிர ஒன்றும் தெளியவில்லை.

எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டும். இதை எழுத எனக்கு மூன்று தாள் தேவைப்பட்டது. உங்களுக்கும் வேண்டுமென்றால் இந்தக் கடிதம் கிடைத்ததும் வீட்டுக்குப் பேசி, ஓலையைக் கொடுங்கள் என்று சொல்லுங்கள். வேண்டாம் என்பதுதான் உங்கள் மனம் என்றால் அதையும் உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். நான் தாங்கிக்கொள்வேன். பாவம், அந்தக் கல்லின் மேல் பழியைப் போடவேண்டாம்.

ஜனவரி முதல் ஞாயிறு ஆராதனைக்கு நான் எப்போதும் உட்காரும் இடத்தில், பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில், இருப்பேன். ஐயர் கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு நம் பெயர்களை வாசிப்பாரா, நேராக அடுத்த கீர்த்தனைக்குப் போவாரா என்று அங்கே உட்கார்ந்து தெரிந்துகொள்கிறேன்.

அப்பா இன்று மதியம் தானாகவே, “மேல பனி எப்படியாம், பையன் சாப்பிடுதானாமா?” என்று கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. அம்மா அதிரசம் சுட்டு வைத்திருக்கிறாள். தபாலில் எடுப்பார்களா என்று விசாரிக்கிறேன். உள் சட்டையை ஈரமாகப் போடாதீர்கள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

அந்தக் கற்கள் இன்னும் நிற்கின்றனவா? அடுத்தமுறை படம் எடுத்தால் வேறு யாரிடமாவது போனைக் கொடுத்துவிட்டு, அதன் பக்கத்தில் நீங்கள் போய் நில்லுங்கள். யாரும் வெட்டாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் என்று எழுதலாமா என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். அதுவரை,

பியூலா.