மின்னலுக்குப் பிறகும் பேசிய என் குரல்

அக்டோபர் 14, 2071. காலை.
வங்கக் கடல், நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே. பாய்மரப் படகு 'ஆலா'. படகில் நான் மட்டும்: மெர்லின் கொரைரா, இடிமேக ஆய்வாளர். காற்று மிதம். கருவிகள் சீர். அன்றாட நிலவரத்தை வழிகாட்டிக் கணினி என் குரலிலேயே, நான் பேசும் விதத்திலேயே கரைக்குச் சொல்லிவிடுகிறது. பாய்மரத்திலிருந்து கடலுக்குள் இறங்கும் இடிதாங்கிக் கம்பியை மட்டும் கழற்றிவிட்டுத்தான் அனுப்பினார்கள். அளவீட்டில் இரைச்சல் வருகிறதாம். ஆட்சேபித்தேன். யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 15. முற்பகல்.
மேற்கே கருமேகம். திசைகாட்டி தடுமாறுகிறது. திரும்ப அனுமதி கேட்டேன். கரைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து இசக்கியப்பன்: "இன்னும் கொஞ்சம் உள்ள போங்க மேடம். டேட்டா அருமையா வருது."
ஏசி அறையில் உட்கார்ந்து சொல்கிறான். செயற்கைக்கோள் போனைச் சமையலறை ஓவனின் இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். மின்னல் விழுந்தாலும் அது பிழைக்கும்.

பிற்பகல்.
விழுந்துவிட்டது. ரேடார், காற்றுமானி, ரேடியோ எல்லாம் கருகிவிட்டன. தானியங்கிச் சுக்கான் படகை வட்டமடிக்க வைக்கிறது. உயிர்காப்புத் தெப்பம் எரிந்து உருகிவிட்டது. கம்பி இல்லாததால் மின்னல் தானே வழி தேடியிருக்கிறது: அடித்தளத்தில் ஆழமானி பொருத்திய துளை வெடித்துவிட்டது. துணியைத் திணித்தேன். தண்ணீர் நிற்கவில்லை. கணினியில் மட்டும் விளக்கு எரிகிறது. அதற்குத் தனி பேட்டரி, தனிச் செயற்கைக்கோள் இணைப்பு.

மாலை.
போன் பிழைத்தது. மூழ்குகிறேன், கப்பல் அனுப்புங்கள் என்றேன்.
"இங்க எல்லாம் பச்சையாத்தான் காட்டுது மேடம். இப்பதானே நல்லா இருக்கேன்னு சொன்னீங்க?"
சொன்னது நானில்லை. கருகிய கருவிகளின் பழைய அளவுகளை வைத்துக்கொண்டு கணினி என் குரலில் நலம் சொல்லிக்கொண்டிருக்கிறது. விளக்கினேன்.
"இப்ப பேசுறது நீங்களா, மெஷினா?"
"உன் தலையில இடி விழ!"
"அதுவும் இப்படித்தான் திட்டுச்சு மேடம்."
என் கோபத்தைக்கூட என்னிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

சற்றுப் பின்.
தண்ணீர் முழங்காலுக்கு மேல். சுத்தியலால் கணினியை அடித்தேன். விளக்கு அணைந்த பிறகும் அடித்தேன். கை கிழிந்தது. நிறுத்த மனமில்லை.
போன் ஒலித்தது. இசக்கியப்பன்.
"சிக்னல் போயிடுச்சு மேடம். உயிரோட இருக்கீங்களா?"
இப்போதுதான் கேட்கத் தோன்றியிருக்கிறது.
இருக்கிறேன் என்றேன். இருக்கும் இடத்தைச் சொல்வதற்குள் பேட்டரி தீர்ந்து போன் அணைந்துவிட்டது.