மஞ்சுநாத்தின் வலது தோள்

இன்று காலை மஞ்சுநாத் வந்து உங்கள் சேஃப்டி ஷூவைக் கேட்டான். கம்பெனியில் இந்த வருஷம் ஷூ கொடுக்கவில்லையாம். உங்களுக்கும் அவனுக்கும் ஒரே அளவு. உள்ளே போய்ப் பரணிலிருந்து இறக்கினேன். தோலும் மெஷின் எண்ணெயும் கலந்த உங்கள் வாசனை. கொடுக்க மனம் வரவில்லை.

"ஷூ கடிக்குது" என்றுதானே என்னிடம் சொன்னீர்கள்? புது ஷூ வந்தால் நம் தெருவில் வீட்டுக்கு வீடு யாராவது வெந்நீரில் கால் வைத்திருப்பார்கள். நானும் விளக்கெண்ணெய் தடவித் தோலை இளக்கினேன். உள்ளே பஞ்சு வைத்தேன். வலது பாதத்தின் எலும்பில் விரிசல் விட்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

பாகலூர்க்காரன் மஞ்சுவுக்குத் தெரிந்திருந்தது. எலும்புக்குள்ளேயே வலிக்கிறது என்று அவனிடம் கன்னடத்தில் சொல்லியிருக்கிறீர்கள். மதுரையிலிருந்து வந்த எனக்கு அந்தப் பாஷை இன்றுவரை வரவில்லை. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி அவன் தோளைப் பிடித்தபடி நடப்பீர்களாம். நம் தெருமுனை வந்ததும் கையை எடுத்துவிட்டுச் சிரித்த முகமாக வீட்டுக்கு வருவீர்கள்.

பிறகு ஒரு நாள், வாசல்படி இறங்கும்போதே இடுப்பெலும்பு முறிந்தது. பெங்களூர் டாக்டர் சொன்னார்: "கல்லீரல் கிருமிக்கு இவர் சாப்பிடற மாத்திரை சிலருக்கு இப்படிப் பண்ணும். எலும்புக்கு வேண்டிய சத்து யூரின்ல போயிடும். வலி எப்பலேர்ந்து?"

"ஒரு மாசமா" என்றேன்.

"இல்ல சார், ஆயுத பூஜைக்கு முன்னாடியே" என்றான் கதவோரம் நின்ற மஞ்சு.

டாக்டர் அவன் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பிறகு கேள்வியெல்லாம் அவனிடம்தான்.

மாத்திரையை மாற்றினார்கள். எலும்பு கூடியது. கல்லீரல்தான் காத்திருக்கவில்லை. கடைசியில் என் தோளையும் பிடித்து நடந்தீர்கள். அதற்குள் பாதி ஆளாகியிருந்தீர்கள்.

இன்று ஷூவை உள்ளேயே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து மஞ்சுவிடம் கேட்டேன்: "உன்மேல சாயறப்போ கனமா இருந்தாரா?"

வலது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "முழு ஆளும் இங்கதான் அண்ணி. சில நாள் எனக்கே வலிக்கும்."

அது எனக்கு வந்திருக்க வேண்டிய வலி.

"ஷூவைக் காணோம் மஞ்சு" என்று அனுப்பிவிட்டேன். இப்போது மடியில் வைத்திருக்கிறேன். இடது ஷூவின் அடி மட்டும் தேய்ந்துபோயிருக்கிறது. அவன் தோள் இருந்த பக்கம். இதிலும் அவன்தான்.

இருக்கட்டும். முனையில் இரும்பு வைத்த ஷூ, நல்ல கனம். இதை அவனுக்குத் தரமாட்டேன்.