புது ரப்பர் மாட்டிய கார்

மார்ச் 3
இன்று கார் ஆலையில் மூன்று புது வண்டிகளில் ஏறி உட்கார்ந்தேன். இன்ஜின் சத்தமும் அதிர்வும் உள்ளே இருப்பவரை எவ்வளவு குறைவாகப் படுத்துகின்றன என்று பத்துக்கு மார்க் போடுவதுதான் என் வேலை. மூன்றுக்கும் ஏழுக்கு மேல். எங்கள் வீட்டுக் காருக்கு? தாராளமாகப் போட்டால் இரண்டு. சிவப்பு விளக்கில் நின்றால் கண்ணாடி, சீட், என் பல் எல்லாம் ஆடுகிறது. என் வீட்டுக்காரரோ ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்து, "நல்லாத்தானே இருக்கு!" என்கிறார்.

மார்ச் 8
இவர் பிறந்தநாள். இன்ஜினைத் தாங்கும் ரப்பர்களை மாற்றிக்கொடுத்தேன், அதுதான் பரிசு. "அக்கா, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நீங்க ரெண்டு பேரும் கழண்டிருப்பீங்க" என்றார் மெக்கானிக். இப்போது எட்டு மார்க். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 9
"வண்டி செத்துப்போன மாதிரி இருக்கு" என்கிறார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

மார்ச் 12
கடைத்தெரு முழுக்க இரண்டாவது கியரிலேயே ஓட்டினார். இன்ஜின் கதறுகிறது. வேண்டுமென்றே செய்கிறாரா?

மார்ச் 15
ஓடிக்கொண்டிருந்த இன்ஜினுக்கு மறுபடி சாவியைத் திருப்பினார். கர்ரென்று இரும்பு உரசியது. எனக்குப் பல் கூசியது, எதிர்வீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். இவர் முகம் அசையவில்லை. இன்னொரு முறை திருப்பினார்.

அப்போதுதான் உறைத்தது. அது இவருக்குக் கேட்கவில்லை.

சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு வருஷமா கம்மியாத்தான் கேக்குது. கையிலயும் கால்லயும் ஆடுதே, அத வச்சுத்தான் ஓட்டிட்டு இருந்தேன். காதை வச்சுப் பொழைக்கிறவகிட்ட எப்படிடி சொல்றது?"

அடிப்பாவி, நான் என்ன மனுஷி! வண்டிக்குள் ஒரு நட்டு தளர்ந்தால் கண்டுபிடிக்கிறேன். பக்கத்தில் படுத்திருக்கிறவரைக் கண்டுபிடிக்கவில்லை. டிவி சத்தத்துக்கு எத்தனை சண்டை — காது கேக்கலையான்னு எத்தனை தடவை கத்தியிருக்கேன்! அழுதேன். கடைசியில் அவர்தான் என்னைச் சமாதானப்படுத்தினார். சாவியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மார்ச் 19
கருவி வைத்துக்கொண்டால் தாராளமாக ஓட்டலாம் என்றார் காது டாக்டர்.
"வச்சா கிழவன் மாதிரி இருப்பேன்."
"இப்ப மட்டும் மாப்பிள்ளை மாதிரியா இருக்கீங்க?"

மார்ச் 26
பத்து நாளாக என் பக்கத்து சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு வருகிறார். பார்க்கப் பாவமாக இருக்கிறது. அவர் ஓட்டி நான் உட்கார்ந்து வருவதுதான் எங்கள் வீடு.

ஏப்ரல் 2
காதில் கருவி. சாவியைக் கொடுத்தேன். இன்ஜினைக் கிளப்பியவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.
"இந்தக் கத்து கத்துது, இதுக்கா எட்டு மார்க் போட்ட?"

கியர்கள் ஒழுங்காக விழுந்தன. பாலம் தாண்டியதும் திடீரென்று ஓரம்கட்டி இன்ஜினை அணைத்தார்.

"என்னாச்சு? ஏன் நிறுத்திட்டீங்க?"
"ஏதோ பாட்டு முணுமுணுத்துட்டு வந்தியே. எப்பவும் இப்படிப் பாடிட்டேதான் வருவியா?"
"ஆமா."
"இன்ஜின் இடைஞ்சலா இருந்துச்சு. இப்பப் பாடு."

பாடினேன். முதல் வரியிலிருந்து.