யோகா அறையின் கதவைத் திறந்து வைக்கக் கோரி

அனுப்புநர்:
முன்னாள் வண்டி ஓட்டுநர், படைப் போக்குவரத்துப் பிரிவு,
(பெண்கள் யோகா வகுப்பினர் சார்பாக)
படைவீரர் மறுவாழ்வு மையம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
முன்னாள் படைவீரர் நலத்துறை.

பொருள்: பெண்கள் யோகா வகுப்பிலிருந்து புதிய மேற்பார்வையாளரை விலக்குதல் – நாளை வியாழன் காலைக்குள் உத்தரவு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. படையில் பணியாற்றிய காலத்தில், உடன் இருந்தவர்களாலும் மேலதிகாரிகளாலும் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக, மையத்தின் மாடி அறையில் வியாழன்தோறும் யோகா வகுப்பு நடைபெறுகிறது. நானும் அவர்களில் ஒருத்தி. வெளியாருக்கு அது சோம்பேறி மடமாகத் தெரியலாம். எங்கள் ஆசிரியை யாரையும் தொட மாட்டார். தம் பாயை விட்டு எழுந்து எங்கள் முதுகுப்பக்கம் வர மாட்டார். விளக்கை அணைக்க மாட்டார். "கண்ணை மூடணும்னு கட்டாயம் இல்லம்மா. பிடிக்கலேன்னா சும்மா உக்காந்திருங்க, அதுவும் யோகாதான்" என்பார். சும்மா உட்காரக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்தது.

2. அந்த அறைக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். எங்களில் சமையற்பிரிவில் இருந்த அக்கா, ஒரு செங்கல்லைப் பழைய துண்டில் சுற்றிக் கொண்டுவந்து முட்டுக்கொடுத்தார். வண்டி ஓட்டிப் பழகிய எனக்கு, பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி போல இருந்தது அந்தத் திறந்த கதவு. செங்கல் வந்த பிறகுதான், எங்களில் இளையவளான, நாங்கள் சின்னக்குட்டி என்று கூப்பிடும் பெண், முதன்முறையாகக் கால் நீட்டிப் படுத்தாள்.

3. சென்ற வியாழன் ஆசிரியையைக் காணவில்லை. மையத்திற்குப் புதிதாக வந்துள்ள மேற்பார்வையாளர் அவர் இடத்தில் நின்றிருந்தார். இவர் ஓய்வுபெற்ற படை அதிகாரி. "இங்க என்ன வீடா கட்டுறீங்க?" என்று செங்கல்லைக் காலால் தள்ளினார்; கதவு சாத்திக்கொண்டது. பிறகு அணிவகுப்பு மைதானத்துக் குரலில், "நேரா உக்காரு! கண்ணை மூடு!" என்றார்.

4. ஐயா, நாங்கள் அத்தனை பேரும் மூடினோம். இதை எழுதக் கை கூசுகிறது. வீட்டில் என் கணவர் சொல்லும் எதையும் நான் ஒரே தடவையில் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. ஆனால் அந்தக் குரலுக்கு, மனம் யோசிக்கும் முன்பே உடம்பு கீழ்ப்படிந்துவிட்டது. எங்களை அப்படித்தான் பழக்கினார்கள். அந்தப் பழக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டுதான் எங்களைக் கெடுத்தார்கள்.

5. காலணிச் சத்தம் எங்கள் பின்னால் மெதுவாக நகர்ந்து, கடைசிப் பாயருகே நின்றது. அது சின்னக்குட்டியின் பாய். "பரவாயில்லையே, நீ எதையும் மறக்கலை" என்றது அந்தக் குரல், இம்முறை மிகத் தணிவாக. நாங்கள் கண்ணைத் திறந்தபோது அவள் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் பாய் நனைந்திருந்தது. அவள் முன்பு அவருடைய முகாமில் பணியாற்றியவள் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

6. பயிற்சியில் பின்தங்கியவர்களுக்கு இனி அவருடைய அறையில் தனிப்பயிற்சி என்றும், வராதவர்களுக்கு மருத்துவ உதவி நிறுத்தப்படும் என்றும் மையத்தில் அறிவித்திருக்கிறார்கள். நாளை முதலில் அழைக்கப்பட்டிருப்பவள் சின்னக்குட்டி. "போகலேன்னா மாத்திரை நின்னுடும்க்கா" என்று சமையல் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். அவள் போய்விடுவாள் ஐயா.

7. ஆகவே தனிப்பயிற்சியை உடனே ரத்து செய்து, மேற்பார்வையாளரை எங்கள் வகுப்பிலிருந்து விலக்கி, ஆசிரியையைத் திரும்ப அழைக்குமாறு வேண்டுகிறேன். செங்கல்லை நாங்களே கொண்டுவந்துகொள்வோம்.

8. இன்னும் ஒன்று. மையத்தின் எழுத்தர் நல்ல மனிதர். "குடுங்கம்மா, வழக்கம்போல சாரோட விளக்கத்துக்கு அனுப்பிடறோம்" என்றார். சார் என்று அவர் சொன்னது அந்த மேற்பார்வையாளரைத்தான். அதனால் மனுவை எழுத்தரிடம் கொடுக்காமல், தங்கள் கையில் தருவதற்காக இங்கே காத்திருக்கிறேன். பணியில் இருந்தபோதும் நான் ஒரு புகார் எழுதினேன். அதுவும் வழக்கப்படி, நான் யாரைப் பற்றி எழுதினேனோ அவருடைய விளக்கத்துக்கே போனது. அன்று மாலை அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். அதை என் கையில் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

இந்த மனுவை மேற்பார்வையாளர் கைக்குப் போக விடாதீர்கள் ஐயா.

இடம்: தங்கள் அலுவலக வாசல்
நாள்: புதன்கிழமை, மாலை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
முன்னாள் வண்டி ஓட்டுநர்