கேட்டபோது வராத மாற்றல்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று பொறுப்பேற்றேன். தொழிற்பயிற்சி வாரியத்தின் தனி அலுவலர். பெயர்தான் பெரிது. இயக்குநரைக் கட்டாய விடுப்பில் அனுப்பிவிட்டார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று பார்த்து, அடுத்த மாதம் சட்டமன்றக் கணக்குக் குழு முன்னால் நான் சொல்ல வேண்டும்.

இயக்குநர் நாற்காலியில் உட்கார மனம் வரவில்லை. அதன் மெத்தை இன்னும் அவர் உடம்பின் அளவுக்குக் குழிந்தே கிடக்கிறது. எதிரே, வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன்.

துணை இயக்குநர் வாசலுக்கே வந்து வரவேற்றார். சிரித்த முகம். ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டைத் தாண்டிப் போவதில்லை. "மேடம் வந்தது எங்க பாக்கியம். நீங்க ரொம்ப அமைதி, யாரையும் நோகடிக்க மாட்டீங்கன்னு கேள்விப்பட்டிருக்கோம்" என்றார்.

யாரிடம் கேள்விப்பட்டார்?

கணக்காளர் ஒரு பெண். என்னைவிடச் சின்னவர். கேட்டால் ஒரு சொல், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. மனசுக்குள் பெயர் வைத்துவிட்டேன் — அமுக்குணி.

பிப்ரவரி 5, புதன்

அமுக்குணிக்குப் போன் வந்தால் அறையை விட்டு வெளியே போகிறார். என் தலையைக் கண்டதும் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறார். இன்றும் அதே கதை. யாரிடம் பேசுகிறார்? இங்கே நடப்பதை யாருக்கு ஒப்பிக்கிறார்?

பிப்ரவரி 8, சனி

என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் ஊரிலிருந்து வந்தார். வந்ததும் கையைக்கூடக் கழுவாமல் நேரே அவர் அம்மாவின், அதாவது என் அத்தையின், கட்டிலுக்குத்தான். இடுப்பு முறிந்ததிலிருந்து அத்தையைத் தூக்கி உட்காரவைக்க நானும் பக்கத்துவீட்டு அக்காவும் சேர்ந்தால்தான் முடிகிறது. அவர் ஒருத்தர் போதும். கன்றுக்குட்டியைத் தூக்கிப் பழகிய கை. கால்நடை மருத்துவரைக் கட்டிக்கொண்டதில் இந்த ஒரு லாபம் என்று அத்தையிடம் சொன்னேன். "எங்கிட்ட ஏண்டி சொல்ற, நானா கட்டிக்கிட்டேன்?" என்றார்.

திங்கள் விடிந்தால் மறுபடி பஸ். உள்ளூருக்கு மாற்றல் கேட்டு வருஷக்கணக்காக மனுப் போட்டு அவருக்கும் அலுத்துவிட்டது.

பிப்ரவரி 12, புதன்

வெல்டிங் பயிற்சி மையம் ஒன்றைப் பார்க்கப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. அலுவலகக் காரையும் எடுக்கவில்லை, ஆட்டோ.

முகவரியில் இருப்பது பூட்டிய கடை. கதவுக்கு மேலே வாரியத்தின் பலகை, புத்தம் புதிது. சுவரில் மின்சார மீட்டரைப் பார்த்தேன். வீட்டுக்குக் கொடுக்கிற சாதாரண இணைப்பு. அதில் வெல்டிங் மெஷினைப் போட்டால் தெருவே இருண்டுபோகும்.

பக்கத்துச் சலூன்காரர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். இங்கே வகுப்பு எப்போது நடக்கும் என்று கேட்டேன்.

"வகுப்பா? பலகை மாட்ட ஏணி கேட்டு வந்தாங்க. கொடுத்தேன். ஏணியத் திருப்பித் தரக்கூட ஒருத்தனும் வரல, நானேதான் போய் எடுத்துட்டு வந்தேன்."

சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவர் நுரைக்குள்ளிருந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கடையில் வெல்டிங் படித்து முடித்ததாக நூற்றுக்கணக்கான பேருக்குச் செலவு காட்டியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 14, வெள்ளி

தையல் மையத்துக்குப் போனேன். இன்றைக்குக் கார் வேண்டியிருந்ததால் அமுக்குணியிடம் சொல்லி ஏற்பாடு செய்தேன்.

போய் இறங்கினால் கூடம் நிறையப் பெண்கள். எல்லாரும் மெஷின் முன்னால் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். துணை இயக்குநர் எனக்கு முன்பே வந்து நிற்கிறார். "சும்மா இந்தப் பக்கமா வந்தேன் மேடம்."

மூலையில் இருந்த பெண்ணிடம் ஊசியில் நூல் கோத்துக் காட்டச் சொன்னேன். அவள் மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. நான் குனிந்தபோது காதோடு சொன்னாள்: "அக்கா, சும்மா உக்காந்துட்டுப் போனாப் போதும்னுதான் கூட்டிட்டு வந்தாங்க. இது வேற பண்ணணுமா?"

பாவம், அவளைச் சொல்லி என்ன.

ஆனால் நான் வருவது துணை இயக்குநருக்கு எப்படித் தெரிந்தது? அமுக்குணிக்குத்தான் தெரியும். திரும்பி வந்ததும் பீரோச் சாவிகளை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். குற்றமில்லாதவர் என்றால் கேட்டிருக்க மாட்டாரா?

பிப்ரவரி 19, புதன்

அவருக்கு மாற்றல் வந்துவிட்டது! இங்கேயே, வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில். போனில் ஆர்டரை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார். அத்தை அழுதார். நானும்தான்.

பிப்ரவரி 20, வியாழன்

காலையில் துணை இயக்குநர் அறைக்கு வந்தார். "சார் இங்கயே வந்துட்டாராமே. ரொம்ப சந்தோஷம் மேடம். குடும்பம் ஒண்ணா இருக்கறதவிட வேற என்ன வேணும்?"

நான் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

தலையாட்டினேன். அவர் போன பிறகும் தலை தானாக ஆடிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. மதியம் துறைச் செயலாளர் போன் செய்தார். என்னை இந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்தவரே அவர்தான். "எல்லாம் சுமுகமா முடிச்சிடுங்கம்மா. சின்னச் சின்ன நடைமுறைக் குறைபாடுன்னு எழுதினாப் போதும்."

சுமுகமா.

பிப்ரவரி 22, சனி

அவர் பெட்டிகளோடு வந்து இறங்கினார். முகம் இளமையாகிவிட்டது. காப்பியைக் கையில் கொடுத்துக்கொண்டே கேட்டுவிட்டேன் — பொறுத்திருக்கலாம், முடியவில்லை.

"யார்கிட்டங்க கேட்டீங்க?"

"எதை?"

"மாற்றல. திடீர்னு எப்படி வந்துச்சு?"

"மனு போட்டிருந்தேன். வந்துச்சு."

"வருஷக்கணக்கா போட்டீங்க, வரல. இப்ப மட்டும் ஏன்? என் ஆபீசுக்காரங்க யாராவது உங்ககிட்ட பேசினாங்களா?"

தம்ளரைக் கீழே வைத்தார். "திருடனப் பாக்கற மாதிரி என்னைப் பாக்காத. அங்க எல்லாரையும் சந்தேகப்படறது உன் வேலை. வீட்டுக்குள்ளயும் அதைக் கொண்டுவராத."

எழுந்து அத்தையிடம் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளேயிருந்து அத்தையின் குரல்: "என்னடா, வந்ததும் வராததுமா?"

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அப்படித்தான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அதையே ஒரு தடவை எழுதிப் பார்க்க வேண்டியிருக்கிறதே, என்ன கண்றாவி இது?

பிப்ரவரி 27, வியாழன்

மாலை எல்லாரும் கிளம்பிய பிறகு அமுக்குணி என் அறை வாசலில் வந்து நின்றார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? சாவியப் புடுங்கினீங்க, சரி. உங்க வீட்டுக்காரருக்கு மாற்றல் வாங்கினீங்களே, அதுக்குப் பதிலா இவங்களுக்கு என்ன குடுக்கப்போறீங்க?"

"என்ன பேசறீங்க?"

"அந்தப் போன் இந்த ஆபீசுலேருந்துதான் போச்சு. துணை இயக்குநர் செயலாளர்கிட்ட பேசினாரு. 'மேடம் வீட்டுக்காரர் ரொம்ப நாளா கஷ்டப்படறாரு, அவங்க துறையில சொல்லிப் பாருங்க'ன்னாரு. நான் கையெழுத்து வாங்கப் பக்கத்துலயே நின்னுட்டிருந்தேன். நான் ஒரு ஆளாவே அவருக்குத் தெரியல. நீங்க கேட்டுத்தான் பண்றாருன்னு நெனச்சேன்."

"நான் கேக்கல. அவரும் கேக்கல."

அப்புறம்தான் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

நானும் என் மனசில் இருந்ததைக் கேட்டேன். வெளியே போய்ப் போனில் யாரிடம் பேசுகிறார்? "பயிற்சியில சேந்து ஏமாந்த பிள்ளைங்க மேடம். உதவித்தொகை எப்போ வரும்னு தினம் கேக்குறாங்க. உங்க முன்னாடி என்னத்தச் சொல்றது? நீங்க யார் பக்கம்னே எனக்குத் தெரியலையே."

தையல் மையத்துக்கு வருவதைத் துணை இயக்குநரிடம் சொன்னது? "நான் சொல்லல. சத்தியமா."

அப்போதுதான் உறைத்தது. அன்று காலை செயலாளர் போன் செய்து, "இன்னைக்கு எங்கம்மா ஆய்வு?" என்று கேட்டார். நான்தான், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, இடத்தைச் சொன்னேன்.

சாவிகளைத் திருப்பிக் கொடுத்தேன். குழு முன்னால் வந்து சொல்வீர்களா என்று கேட்டேன்.

"வர்றேன். ஆனா உங்க வீட்டு விஷயத்த மறைச்சீங்கன்னா வரமாட்டேன்."

மார்ச் 2, ஞாயிறு

அவரிடம் சொன்னேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன், பிறகு முழுவதையும் சொன்னேன். மாற்றல் எப்படி வந்தது என்பதையும் அறிக்கையில் எழுதப்போகிறேன் என்றேன். எழுதினால் மாற்றல் நிலைக்காது என்பது அவருக்கும் தெரியும்.

"எழுதாம இருக்க முடியாதா?"

"முடியும். அதுக்குத்தான் குடுத்திருக்காங்க."

அத்தையைப் புரட்டிப் படுக்கவைக்கப் போய்விட்டார்.

மார்ச் 3, திங்கள்

பேசவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

பேசவில்லை. அத்தை இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். எழுதியதைக் கிழித்தேன். மறுபடி எழுதினேன். அத்தையின் முதுகில் புண் ஆறி வருகிறது. இவர் வந்ததால்தான். எனக்கு என்ன பைத்தியமா? ஊர்ப்பட்ட ஆளுங்க தின்னுட்டு நிம்மதியா தூங்கறாங்க, நான் மட்டும் என் புருஷனை பஸ் ஏத்தணுமா?

மார்ச் 5, புதன்

காலையில் ஷூ மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"போன வாரம் புது இடத்துல ஒருத்தர், 'சாரோட சிபாரிசு பெரிய இடம் போல'ன்னாரு. சிரிச்சுட்டு வந்துட்டேன். அதிலேருந்து யார் குட்மார்னிங் சொன்னாலும் அதுதான் காதுல விழுது. எழுதிடு."

"அத்தைகிட்ட?"

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

மார்ச் 18, செவ்வாய்

குழு கூடியது. நீள மேஜை, காற்றாடிக்குப் பறக்காமல் காகிதங்கள்மேல் தண்ணீர்ப் பாட்டில்கள். துணை இயக்குநர் எனக்கு வணக்கம் சொன்னார், அதே சிரிப்பு. பூட்டிய கடையையும் வாடகைக்கு அமர்த்திய பயிற்சிப் பெண்களையும் சொல்லும்வரை அது அப்படியே இருந்தது. மாற்றல் பற்றிய பத்தியைப் படித்தபோதுதான் வற்றியது.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க வீட்டு விஷயத்த நீங்களே ஏம்மா எழுதினீங்க?"

"நான் எழுதலன்னா ஒருநாள் அவங்க எழுதுவாங்க, ஐயா. அப்ப இந்த அறிக்கையில உள்ள மத்த எதையும் யாரும் நம்பமாட்டாங்க."

பிறகு கணக்காளரைக் கூப்பிட்டார்கள். பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். அந்தப் போனைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி, ஒரு சொல் குழறாமல். ஒரு உறுப்பினர் குறுக்கிட்டபோது, "முடிச்சுக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். இந்தப் பெண்ணுக்கா நான் அப்படி ஒரு பெயர் வைத்தேன்? இனி அது வேண்டாம்.

ஏப்ரல் 9, புதன்

மாற்றல் ரத்து. பழைய ஊருக்கே. பெட்டிகளில் ஒன்றை இன்னும் பிரிக்கவே இல்லை, அந்த வேலையாவது மிச்சம் என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

துணை இயக்குநர் பணியிடை நீக்கத்தில் இருக்கிறார். வழக்கு நடக்கிறது. செயலாளரை வேறு துறைக்கு மாற்றினார்கள், அதுவும் பெரிய துறைதான். என்னை ஆவணக் காப்பகத்தில் போட்டிருக்கிறார்கள். தூசி அதிகம், ஆள் குறைவு. வாரியத்தில் உண்மையாகப் படித்த பிள்ளைகளுக்கு உதவித்தொகை வர ஆரம்பித்திருக்கிறது என்று கணக்காளர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அத்தையைத் தூக்கக் காலையும் மாலையும் ஒரு ஆண் செவிலியர் வருகிறார். "மூட்ட தூக்கற மாதிரி தூக்கறான்" என்று அத்தைக்குக் கோபம். ஆனால் அந்தச் செவிலியர் வர நேரமானால் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்த வாரம் அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. பக்கத்துக் கிராமத்தில் மாடுகளுக்குக் காய்ச்சல். போனில் கூப்பிட்டார்.

"இங்க நல்ல மழை."

ஏப்ரலிலிருந்து அவர் எதைச் சொன்னாலும் அதற்கு அடியில் ஒரு குறை இருக்கிறதா என்று துழாவிக்கொண்டே இருந்தேன். சாப்பாடு நன்றாக இல்லை என்றால் என்னைச் சொல்கிறாரோ, தூக்கம் வரவில்லை என்றால் என்னைச் சொல்கிறாரோ.

இன்று போனை ஜன்னல் பக்கம் நீட்டிப் பிடித்தார் போல. தகரக் கூரைமேல் மழை கொட்டுவது எனக்கும் கேட்டது. மழை பெய்கிறது என்றுதான் சொன்னார். மழைதான் பெய்துகொண்டிருந்தது.

"நனையாதீங்க" என்றேன்.