ஒரு செம்புத் தண்ணீருக்குக் கிடைத்த சொல்

இதனால் பதுளைக் கடைவீதியார் சகலருக்கும், மேலுலகில் இருக்கும் உனக்கும் அறியத் தருவது யாதெனில்: எங்கள் கடைக் கிழட்டுக் கடுவன் பூனை இன்று முற்பகல் முட்டைக்கோவாக் கூடைக்குள் தலைகுப்புற விழுந்து, வெளியே வரத் தெரியாமல் வீதியையே கூட்டிவிட்டது. எதிர்க்கடை முஸ்லிம் நானாவும் அப்பாவும் கூடையைச் சாய்த்துப் பிடிக்க, அடியேன் கையை விட்டு அதைத் தூக்கிக் காப்பாற்றினேன். காப்பாற்றிய கையையே கீறிவிட்டு அது போய்விட்டது. பூனைப் பாஷையில் நன்றிக்கு அதுதான் சொல் போலும்.

கை கழுவிய பிறகும் வாடிய கோவா இலையின் வாடை போகவில்லை, மச்சான். விரலை முகர்ந்தபடி கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் வீட்டு மாட்டுவண்டி முழுக்க இந்த வாடைதான் அடிக்கும். நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் உன் சட்டையிலும் அடிக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு, 'கறிச்சட்டிக்குத் தப்பி வந்தவனே' என்று உன்னைக் கூப்பிடுவேன். நீ பதில் சொல்லமாட்டாய். என் மாமன் மகனாகப் பிறந்தும் என்னைத் திட்டத் தெரியாத ஒரே ஆள் நீதான்.

நமக்குள் ஒரு பந்தயம் இருந்தது. இந்த ஊரில் எத்தனை பாஷை பேசுகிறவர்கள் உண்டோ, அத்தனை பேர் வாயிலிருந்தும் நன்றி என்ற சொல்லை யார் முதலில் சேர்ப்பது என்று. யோசனை என்னுடையது, சட்டம் உன்னுடையது. "கேட்டு வாங்கினா சேராது. நாம ஒண்ணு செய்யணும், அது தானா விழணும்" என்றாய். அந்தச் சட்டத்தால்தான் ஒரு காலத்தில் பதுளையில் எனக்கு நல்ல பிள்ளை என்று பெயர் வந்தது. சகதியில் இறங்கிய சிங்கள வண்டிக்காரரின் சக்கரத்தைத் தள்ளி, 'பொஹொம பின்' வாங்கினேன். அவர் நன்றி சொல்லவில்லை, புண்ணியம் சொன்னார். அதுவும் சேரும் என்று நீ தீர்ப்புக் கொடுத்தாய். நானாவின் பேரனை வாய்க்காலிலிருந்து தூக்கியதற்கு 'ஜஸாக்கல்லாஹ்'. காற்றோடு போன குடையைப் பிடித்துக் கொடுத்தபோது பாதிரியார் லத்தீனில் ஏதோ சொன்னார். அது எனக்கா, ஆண்டவருக்கா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

மலாய்க்காரப் பொலிஸ் சார்ஜன் ஐயாவின் ஆட்டை நாமே அவிழ்த்துவிட்டு, நாமே தேடிப் பிடித்துக் கொடுத்து, 'தெரிமா காசி' வாங்கினோம். கள்ள ஆட்டம் என்று நீ முணுமுணுத்தாய். காசி என்று முடிகிற சொல்லுக்குப் பாவம் ஒட்டாது என்றேன் நான். ஆடு எப்படி அவிழ்ந்தது என்பது பிறகு அவருக்குத் தெரிந்துவிட்டது. அடிப்பார் என்று நடுங்கினாய். அவரோ அன்றுமுதல் என்னை எங்கே கண்டாலும், "இன்னைக்கு எந்தப் பாஷை?" என்று கேட்க ஆரம்பித்தார்.

தமிழ்ச் சொல்தான் அகப்படவில்லை. தோட்டத்துப் பெண்களுக்குச் சுமை இறக்கிவிட்டால், 'நல்லா இருப்ப சாமி' என்பார்கள். நம் வீடுகளில் அதுவும் கிடையாது. ஒருநாள் சாப்பிட்டு எழுந்து அம்மாவிடம் 'நன்றி' என்று சொல்லிப் பார்த்தேன். "ஏன்டா, நான் என்ன அசலாளா?" என்று கேட்டவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதன் பிறகு அந்தச் சொல்லை வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை.

அப்போதுதான் தியத்தலாவையில் போயர் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்தார்கள். ஆப்பிரிக்காவில் வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரனும் போட்ட சண்டையில் பிடிபட்டவர்கள். முகாமுக்குக் கோவா கொண்டுபோகும் வேலை மாமாவுக்குக் கிடைத்தது. மாமாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதும் வண்டி உன் கைக்கு வந்தது. முதல் தடவையாக நானும் ஏறிக்கொண்டேன். வீட்டில் துணைக்கு என்று சொன்னேன். எந்தச் சொல்லைத் தேடி வருகிறேன் என்று உனக்குத் தெரியும்.

பண்டாரவளையில் மாட்டை அவிழ்த்தபோதே சேதி கிடைத்தது. ஒரு கைதி தப்பிவிட்டான். அவனுக்கு உதவி செய்கிறவனுக்கும், கண்டும் சொல்லாதவனுக்கும் சிறை என்று தமுக்கு அடித்திருக்கிறார்கள். சோற்றுக்கடைக்காரர் நம் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்து இரண்டாம் தடவையும் சொன்னார். நீ தலையை ஆட்டிவிட்டுச் செம்பில் தண்ணீர் நிரப்பிக்கொண்டாய். வழியெல்லாம் மானாப்புல் அசைந்தால்கூட நீ திரும்பிப் பார்த்தாய். நான் பயந்தேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதே. பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். அடி மறந்து ஒரே வரியைப் பாடினேன், அவ்வளவுதான்.

பாறைத் தண்ணீர் மூங்கில் வழியாக விழும் பீலி ஒன்று அந்தச் சாலையில் உண்டு. கோடையில் அது வறண்டு கிடந்தது. வறண்ட மூங்கிலின் நுனியை ஒருவன் நக்கிக்கொண்டிருந்தான்.

நம் வயதுதான் இருக்கும். வெயிலில் முகம் தோலுரிந்து சிவந்திருந்தது. ஒரு காலில் சப்பாத்து, மற்றக் காலில் கந்தல் கட்டு. வண்டியைக் கண்டதும் ஓட நினைத்தான், கால் வரவில்லை. கையைக் குவித்து வாயருகே வைத்துக் காட்டினான். "வண்டிய விடு மச்சான்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் மூன்று தடவை சொன்னேன். நீ செம்பை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாய்.

அண்ணாந்து குடிக்க அவனுக்குத் தெரியவில்லை. நீ ஊற்றிய தண்ணீர் மூக்கில் ஏறிப் புரையேறிற்று. நம் வீட்டுப் பிள்ளைக்குச் செய்வதுபோல நீ அவன் உச்சந்தலையில் தட்டினாய். அவன் அடிக்கிறாய் என்று நினைத்துக் குறுகினான். பிறகு நீ செம்பையே அவன் கையில் கொடுத்துவிட்டாய். விளிம்பில் வாய்வைத்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். திருப்பிக் கொடுக்கும்போது 'டங்கி' என்றான். உன்னைப் பார்த்துத்தான் சொன்னான். சாலைக்கு மேலே புல்லுக்குள் ஏறி மறைந்தான். எந்தத் திசை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவன் வாய்வைத்த செம்பில் மிச்சமிருந்ததை நீ குடித்தாய். தேய்க்கவில்லையா என்று கேட்டேன். தாகமாக இருக்கிறது என்றாய்.

அடுத்த திருப்பத்தில் ஒரு வெள்ளைச் சிப்பாய் துப்பாக்கியை நீட்டி வண்டியை மறித்தான். பக்கத்தில் நம் சார்ஜன் ஐயா. சிப்பாய் துப்பாக்கி முனைக் கத்தியால் கோவாக் குவியலைக் குத்திக் குத்திப் பார்த்தான். சார்ஜன் எப்போதும்போல என்னிடம், "என்னடா, இன்னைக்கு எந்தப் பாஷை சேத்தே?" என்று கேட்டார்.

எப்போதும்போல என் வாய் எனக்கு முன்னால் ஓடியது. "டங்கி."

கோவாவுக்குள் இறங்கிய கத்தி அங்கேயே நின்றது. கம்பிவேலிக்கு வெளியே அந்தப் போயர் சொல் யாரிடமும் கிடையாது. இரவும் பகலும் அதைக் கேட்டுக் காவல் நிற்கிறவன் அந்தச் சிப்பாய். கள்ளன் மடியில் இருந்த நகையைப் போல என் சொல் நடுச்சாலையில் விழுந்து கிடந்தது. சிப்பாய் ஆங்கிலத்தில் ஏதோ உறுமினான். சார்ஜனின் முகத்தில் இருந்த சிரிப்பை யாரோ துடைத்துவிட்டார்கள். எங்கே கேட்டாய் என்று என்னிடம் கேட்டார். நான் மாட்டின் மறுபக்கத்தில் இருந்தேன். எப்போது அங்கே போனேன் என்று தெரியாது. மாட்டு வாளி தளும்பி என் வேட்டியெல்லாம் ஒரே தண்ணீர்.

"எங்கிட்டதாங்க சொன்னான்" என்றாய் நீ. "நான்தான் தண்ணி குடுத்தேன்."

"ஜெயிலுன்னு தெரியுமாடா?"

"தெரியுங்க. தாகமுன்னு வந்தவன யாரு எவருன்னு கேட்டுட்டா ஐயா தண்ணி குடுக்குறது?"

"எந்தப் பக்கம் போனான்?"

"பாக்கலீங்க. செம்புல வாய வச்சுட்டான். தெரிஞ்சா எங்கம்மா என்னைய வாசப்படி ஏத்தாது. குனிஞ்சு மண்ணு போட்டுத் தேச்சுக்கிட்டிருந்தேன். நிமிந்து பாத்தா ஆளக் காணோம்."

கண்ணைத் தாழ்த்தாமல் சொன்னாய். பொய் சொல்லத் தெரியாதவன் என்று உன்னை எத்தனை நாள் கேலி செய்திருக்கிறேன். அசலான் எச்சில் பட்ட செம்பை அந்த இடத்திலேயே தேய்க்காமல் நம்மவர்கள் ஓரடி நகரமாட்டார்கள் என்பது சார்ஜனுக்குத் தெரியும். இத்தனை காலம் நம் தெருவில் இருந்தவர். அதனால் அவர் நம்பிவிடுவார் என்று மூச்சு விட்டேன்.

"அந்தச் செம்பக் கொண்டா" என்றார்.

மண்போட்டுத் தேய்த்த செம்பு எப்படி இருக்கும் என்று பதுளையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். நம் செம்பில் அந்தப் பையனின் புழுதி விரல்கள் அப்படியே பதிந்திருந்தன. சார்ஜன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உன்னைப் பார்த்தார். சிப்பாய்க்கு முதுகைக் காட்டி நின்று, சட்டைக் கையால் அதை ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்தார். பிறகு அவன் பக்கம் திரும்பி, செம்பைத் தூக்கிக் காட்டி, ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட ஆங்கிலத்துக்கு இவ்வளவு எட்டியது: ஆள் யாரென்று தெரியாமல் தண்ணீர் கொடுத்துவிட்டார்கள், இவர்களுக்கு ஆளைவிடப் பாத்திரம் பெரிது, அதைக் கழுவிக்கொண்டிருந்தார்கள், ஒன்றும் பார்க்கவில்லை. சிப்பாய் நம்மை நெடுநேரம் பார்த்தான். பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்து, போ என்று கையை வீசினான்.

செம்பைத் திருப்பித் தரும்போது நீ வாயைத் திறக்கப் போனாய். சார்ஜன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "எந்தப் பாஷையிலயாவது அந்த வார்த்தை உன் வாயிலேருந்து வந்துச்சு, நானே உள்ள தள்ளிருவேன். வண்டிய ஓட்டு."

அந்தப் பையன் பிறகு பிடிபட்டான். அடுத்த சுமை கொண்டுபோனபோது வேலிக்கு அந்தப் பக்கம் நின்றான். நம்மைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. பக்கத்தில் காவல்காரன் வரவும், தெரியாதவன்போல முதுகைத் திருப்பிக்கொண்டான். எனக்குக் கோபம் வந்தது. நீதான் என் விலாவில் இடித்தாய். "சேத்துக்கடா. கேக்காமலே விழுந்துச்சு" என்றாய்.

கடைவீதியில் இந்தக் கதையை நான் எப்படிச் சொன்னேன் என்பது உனக்குத் தெரியும். என் கதையில், துப்பாக்கி முனையில் நின்று ஆங்கிலத்தில் வாதாடியவன் நான். மாடு பிடித்துக்கொண்டு நின்றவன் நீ. நீ அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். நானா உன்னைப் பார்த்து உண்மையா என்று கேட்டபோது, "ஆமாங்க நானா, இவன்தான் பேசுனான்" என்றாய். ஊர் என் முதுகில் தட்டிற்று.

மொனராகலைப் பக்கம் சுமை ஏற்றிப் போனவன் காய்ச்சலோடு திரும்பினாய். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே உட்கார்ந்து, உனக்குச் சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன். அம்மாவின் கேள்வி குறுக்கே வந்து நின்றது. மச்சானிடம் அதைச் சொன்னால் அசலானாக்கியதாக ஆகாதா? சும்மா இருந்தேன். நீ கண்ணைத் திறந்து பார்த்து, "என்னடா பேசாம இருக்கே, உனக்கா எனக்கா காய்ச்சல்?" என்றாய். உன் வாயிலிருந்து நான் கேட்ட கடைசி நையாண்டி அதுதான். என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

பந்தயத்தில் நான்தான் ஜெயித்தேன் என்று இன்றைக்கும் கடையில் பீற்றிக்கொள்கிறேன். அது கிடக்கட்டும். மேலே ஒரு இடத்தில் மாட்டு வாளி தளும்பியது என்று எழுதினேன் அல்லவா? கோடை நாளில் வாளி காய்ந்து வண்டிக்கடியில் தொங்கிக்கொண்டிருந்தது, மச்சான். என் வேட்டி எதனால் நனைந்தது என்று நீ பார்த்துவிட்டாய். திருப்பம் தாண்டியதும் மாட்டை நிறுத்தி, ஒன்றும் கேட்காமல், உன் தோள் துண்டை எடுத்து என்மேல் போட்டாய். "யாரும் கேட்டா வாளித்தண்ணின்னு சொல்லு" என்றாய். இன்றுவரை அப்படித்தான் சொல்லி வருகிறேன்.

துண்டு என்னிடம்தான் இருக்கிறது. துவைத்துவிட்டேன்.