சாவி வர நாற்பது நிமிடம்

மார்ச் 1, வெள்ளி
மலையில் இன்னும் பனி விடவில்லை. பிரசவ வார்டில் ஐந்து பேர். மூன்று கட்டில் பக்கம்தான் வெந்நீர்க் குழாய் சுடுகிறது. மருத்துவச்சி ராய்கான் தன் கோட்டைக் கழற்றி ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குப் போர்த்தியிருந்தாள். நான் இந்த வார்டுக்குத் தலைமை டாக்டராகி எட்டு மாதம். ஒரு குழாயைக்கூடச் சரிசெய்யவில்லை.

மார்ச் 4, திங்கள்
எழுதித்தான் ஆகவேண்டும். நேற்று மதியம், பிரசவத்துக்கு வந்திருந்த பெகிமாய் இறந்துவிட்டாள். இருபத்துநாலு வயது. குழந்தை ஆண், நன்றாக இருக்கிறான்.
பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்கவில்லை. நிறுத்தும் ஊசி மருந்தறையில் இருந்தது. ஞாயிறு, மருந்தறை பூட்டு. சாவி, பொறுப்பாளர் கனிஷாய் அக்காவிடம். அவர் பக்கத்து ஊர்க் கல்யாணத்தில். ஆள் அனுப்பி, சாவி வந்து — நாற்பது நிமிடம். அவ்வளவு நேரமும் ராய்கான் வயிற்றை அமுக்கியபடியே நின்றிருக்கிறாள். நான் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது; கையை எடு என்றேன். எடுக்கவில்லை.

மார்ச் 6
ஆஸ்பத்திரித் தலைவர் தொக்தோசுன் கூப்பிட்டார். அறிக்கை தயாராக இருந்தது: 'பணியிலிருந்த மருத்துவச்சியின் கவனக்குறைவு.'
"மேல அனுப்ப ஒரு பேரு வேணும்மா. சின்னப் பொண்ணு, வேற எடத்துல வேலை கெடைச்சிடும்."
"அப்ப என் பேரைப் போடுங்க சார். அந்த ரூம் பூட்டிக் கெடக்கறதை எட்டு மாசமா பாத்துக்கிட்டிருந்தவ நான்தான்."
கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 7
நானே ஓர் அறிக்கை எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டேன். யார் தப்பு என்று அதில் இல்லை. ஒவ்வொரு நிமிடமும் எங்கே போனது, அவ்வளவுதான்.

மார்ச் 9
பெகிமாய் வீட்டுக்குப் போனேன். துக்கக் கூடாரத்துக்கு வெளியே நின்ற புருஷன் எர்கின் கேட்டான்: "மருந்து இருந்துச்சா?"
"இருந்தது."
"எங்க?"
"பூட்டின ரூம்ல."
அவன் உள்ளே போய்விட்டான். திட்டியிருந்தால் தேவலை. திரும்பினேன். அவன் அம்மா ரொட்டியோடு வந்தார். "வீட்டுக்கு வந்துட்டு வெறும் வாயோட போகக்கூடாது." ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டேன். விழுங்கினேன்.

மார்ச் 12
பிரசவ அறைக் குளிர்பெட்டியிலேயே அவசர ஊசிகள் இருக்கவேண்டும், பூட்டில்லாமல். கேட்டதும் கனிஷாய் அக்கா சீறினார்.
"ஒண்ணு கொறஞ்சா யாரு தலை உருளும்? முப்பது வருஷமா என் கையில ஒரு ஊசி கொறஞ்சதில்ல."
"ஊசி கொறையல அக்கா. பொண்ணுதான் கொறஞ்சுட்டா."
சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் வெளுத்துவிட்டது. அந்தக் கல்யாணத்திலிருந்து வந்த பிறகு அவர் தூங்கியிருப்பாரா? நான் கேட்கவே இல்லையே.
சாயங்காலம் தானே வந்து பத்து ஊசிகளைக் குளிர்பெட்டியில் அடுக்கினார்.

மார்ச் 20
ரத்தப்போக்கு வந்தால் யார் என்ன செய்வது என்று முதல் ஒத்திகை. துப்புரவு வேலை பார்க்கும் சபீரா அக்கா கட்டிலில் படுத்தார். பீட்ரூட் தண்ணீர்தான் ரத்தம்.
"அறுபது வயசுல என்னைப் பிள்ளை பெற வெக்கிறீங்களே, எங்க வீட்டுக்காரருக்கு யாரு பதில் சொல்றது?"
எல்லோரும் சிரித்தார்கள். கடிகாரத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஊசி போட்டு முடிக்கவே பத்தொன்பது நிமிடம். யார் எதை எடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.
நாளைக்கும் செய்வோம்.

ஏப்ரல் 2
ஆறாவது ஒத்திகை. நான்கு நிமிடம். இன்னும் குறைக்கலாம்.

ஏப்ரல் 18, தலைநகர் பிஷ்கெக்
பெகிமாய் சாவு பற்றிய விசாரணை முடிந்தது. தேநீர் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்கள்: தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கம், சாதாரண டாக்டராகத் தொடரலாம். தாளை இரண்டு முறை படித்தேன். ராய்கான் பெயர் எங்கும் இல்லை. போதும்.
போதுமா? வலிக்கத்தான் செய்கிறது.

ஏப்ரல் 20, சனி
பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வார்டுக்குப் போனேன். மூன்றாவது கட்டிலில் புதுத் தாய், வெளுத்த முகம், தட்டு நிறைய நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தாள். நான் பிஷ்கெக்கில் இருந்த வியாழக்கிழமை பிரசவமாம். பெகிமாய்க்கு வந்த அதே ரத்தப்போக்காம்.
"ரெண்டு நிமிஷத்துல ஊசி போட்டாச்சு அக்கா. இருபது நிமிஷத்துல நின்னுடுச்சு," என்றாள் ராய்கான். மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை.
"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே?"
"எதுக்கு?" என்றாள்.